நாலரை லட்ச ரூபாய் அட்மிஷன் கன்சல்டன்சி: போய் வந்தவனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் விமர்சனம் வக்கீல் நோட்டீஸில் போய் முடியும், எனக்குக் கடையைப் பார்க்க வேண்டும். தவிர, சேருவதற்கு முன் நான் விசாரித்த மூன்று இடத்திலும் ஏறக்குறைய இதே பேச்சு, இதே பேக்கேஜ், இதே கண்ணாடிக் கதவு. எந்தக் கன்சல்டன்சிக்குள் நீங்கள் நுழைந்தாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

சேவை என்னவென்றால், அமெரிக்காவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும் கல்லூரிகளுக்கு, பிளஸ் டூ பிள்ளைகளை இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க வைப்பது. என் மகள் 2024 ஆகஸ்டில் ஆரம்பித்து 2025 ஜனவரியில் முடித்தாள். சிபிஎஸ்இ. நான் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், படித்தது ஐடிஐ. கட்டணம் 3,80,000, அதற்கு ஜிஎஸ்டி 68,400, ஆக மொத்தம் 4,48,400 ரூபாய், மூன்று தவணை. இதற்குப் பெயர் 'கோல்டு' பேக்கேஜ், எட்டுக் கல்லூரி வரைக்கும். ஒன்பதாவது என்றால் தனிக் காசு. பிளாட்டினத்தில் என்ன கூடுதல் என்று கேட்டேன், "டைரக்டர் மேடமே பார்ப்பாங்க சார்" என்றார்கள். அப்போது கோல்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ஏன் போனேன் என்றால் பயம்தான். நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் எனக்குப் புரியும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. பிள்ளையின் கட் ஆஃபையும் போன வருடத்துக் கட் ஆஃபையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். அங்கே அப்படி ஒரு எண்ணே கிடையாது. மார்க், எஸ்ஏடி (கல்லூரியில் சேர அங்கே கேட்கும் பொதுத் தேர்வு), கட்டுரை, வாத்தியார் கடிதம், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், எந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறாய், எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி நாலு பேர் பேசி முடிவெடுக்கிறார்கள். ஹார்வர்டில் 2024 மார்ச்சில் முடிந்த சுற்றில் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மீதி ஐம்பத்திரண்டாயிரம் பேரும் மக்குப் பிள்ளைகளா என்ன? ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களுக்கு யாரும் காரணமும் சொல்வதில்லை. இந்த இருட்டில்தான் கன்சல்டன்சிக்காரர்கள் டார்ச் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னதுதான், ஆனால் நிஜம். தேதிக் கணக்கு. நவம்பர் 1க்கு எர்லி (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று), நவம்பர் முடியும்போது கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம், ஜனவரி முதல் வாரத்தில் மற்றவை, உதவித்தொகைப் படிவங்களுக்கு வேறு தேதி, நடுவில் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. இதையெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் கலர் போட்டு வைத்து, நாலு நாளுக்கு முன்னாடியே வாட்ஸப்பில் நச்சரித்த ஒரு சின்னப் பெண் அங்கே இருந்தாள். கட்டிய காசுக்கு உண்மையாக உழைத்தவள் அவள் ஒருத்திதான். அக்டோபரில் வேலையை விட்டுவிட்டாள். அப்புறம் வந்தவர் என் மகளை இரண்டு முறை வேறு பெயரில் கூப்பிட்டார்.

இன்னொன்று பள்ளி விஷயம். அங்கே நிறையக் கல்லூரிகள் காமன் ஆப் என்ற ஒரே தளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன (எம்ஐடி வாங்குவதில்லை, அதற்குத் தனித் தளம்). அதில் பள்ளிக் கவுன்சிலர் ஒருவர் கடிதம் எழுத வேண்டும், மார்க்குகளை ஏற்ற வேண்டும், பள்ளியைப் பற்றி 'ஸ்கூல் புரொஃபைல்' என்று ஒரு பக்கம் தர வேண்டும். எங்கள் பக்கம் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். பிரின்சிபால் மேடம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார், பாவம், அவர் இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கன்சல்டன்சியில் ஒரு மாதிரிப் படிவம் கொடுத்து, போனில் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார்கள். அதற்கு நன்றி. உங்கள் பள்ளியிலிருந்து ஏற்கெனவே யாராவது போயிருந்தால் இந்த உதவியும் உங்களுக்குத் தேவைப்படாது.

இனி மற்றது.

எஸ்ஏடிக்கு அவர்கள் கோச்சிங் தனி, 60,000. அறிமுகக் கூட்டத்தில் காட்டிய ஸ்லைடில் பெரிய கல்லூரிகள் எல்லாம் 'டெஸ்ட் ஆப்ஷனல்' (எஸ்ஏடி கட்டாயமில்லை) என்று கொரோனா காலத்துத் தகவல் அப்படியே இருந்தது. எம்ஐடி 2022லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது, டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் 2024ல். அது தெரியாமலா கோச்சிங் விற்கிறார்கள் என்று மகள் சிரித்தாள். கோச்சிங் எடுக்கவில்லை. தேர்வு நடத்துகிறவர்களின் ப்ளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, கான் அகாடமியிலும் இலவசம். இங்கே மையம் நிரம்பிவிட்டதால் சென்னைக்கு ரயிலேறிப் போய் எழுதினாள், 1600க்கு 1530 வந்தது. செலவு ரயில் டிக்கெட்டும் தேர்வுக் கட்டணமும்.

அடுத்தது 'புரொஃபைல் பில்டிங்'. இதைத்தான் இவர்கள் தலைவாழை இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். காமன் ஆப்பில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்துக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான், சொல் அல்ல, எழுத்து. அதை நிரப்ப என் மகளை ஒரு என்ஜிஓ ஆரம்பிக்கச் சொன்னார்கள். பதினேழு வயதுப் பெண் என்ஜிஓவில் என்ன செய்வாள் என்று கேட்டேன். "ஃபவுண்டர்னு போடலாம் சார்." காசு கட்டினால் ஆய்வுக் கட்டுரை வெளியிடும் பத்திரிகை ஒன்றும் கைவசம் இருந்தது, 25,000. வேண்டாம் என்றோம். அன்றிலிருந்து எங்களைப் பார்க்கும்போது, கல்யாண வீட்டில் மொய் வைக்காமல் சாப்பிட்டவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

என் மகளிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. நீளவாக்கு நோட்டு, அட்டையில் வார்னிஷ் கறை. எட்டாம் வகுப்பிலிருந்து சாயங்காலம் கடைக்கு வருவாள். கருகி வருகிற மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவாள்: தேதி, ஊர், எத்தனை எச்பி, போர் மோட்டாரா கிணற்று மோட்டாரா, எந்தக் காயில் கருகியது, கண்டென்சர் போட்டு ஓட்டினார்களா. அன்னூர், காரமடை, சூலூர், கிணத்துக்கடவு என்று நாலு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் வரி. மூன்று பேஸ் கரண்ட் வராத நேரத்தில் இரண்டு பேஸில் கண்டென்சரை வைத்து மோட்டாரை ஓட்டுவது எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் செய்வது, அதில் மோட்டார் கருகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த தோட்டங்களிலிருந்து வரிசையாக மோட்டார் வருகிறது என்று ஒருநாள் காட்டினாள். நான் வாயடைத்து நின்றேன், அதுவரை நான் அவற்றைத் தனித்தனி மோட்டாராகத்தான் பார்த்திருந்தேன்.

இந்த நோட்டைப் பற்றி அவள் கட்டுரை எழுதினாள். காமன் ஆப் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொல், ஏழு தலைப்பில் ஏதோ ஒன்று. அவள் எழுதியது நேராக இருந்தது, கொஞ்சம் மொட்டையாகவும் இருந்தது. கன்சல்டன்சிக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து 'எடிட்' செய்து வந்தது. ராத்திரி கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். நோட்டு போய்விட்டது, கிராமப்புறப் பெண்களுக்கு ஒளியேற்றும் கனவு வந்துவிட்டது. நடுவில் டேபெஸ்ட்ரி என்று ஒரு சொல்.

"டேபெஸ்ட்ரின்னா என்ன பாப்பா?"

"சுவத்துல தொங்கவிடுற வேலைப்பாட்டுத் துணிப்பா."

"நம்ம கடைச் சுவத்துல பெல்ட்டும் காலண்டரும்தானே தொங்குது."

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். யாரோ ஒருவர் கம்ப்யூட்டரிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது, எனக்கு வரும் இங்கிலீஷ் மோட்டார் கேட்டலாக் இங்கிலீஷ்தான். இது வெறும் ரசனைப் பிரச்சினையும் இல்லை. ஏஐ எழுதியதைச் சொந்தமாக எழுதியதுபோல் கொடுப்பதைக் காமன் ஆப் தன் மோசடி விதிகளில் சேர்த்திருக்கிறது. கையெழுத்துப் போடுவது என் பிள்ளை, மாட்டினால் அவள்தான் மாட்டுவாள். போன் செய்து கேட்டேன். "வொகாபுலரி என்ஹான்ஸ்மென்ட் சார்" என்றார் புதிதாக வந்தவர். பழைய கட்டுரையையே அவள் இரண்டு முறை திருத்தி எழுதி அனுப்பினாள். ஆங்கில மிஸ் இரண்டு கமாவைத் திருத்தினார், கட்டணம் ஒரு டப்பா மைசூர்பாகு.

வாத்தியார் கடிதத்திலும் இதே வேலைதான். "நாங்களே டிராஃப்ட் பண்ணித் தர்றோம், மிஸ் அப்லோட் மட்டும் பண்ணட்டும்" என்றார்கள். இயற்பியல் மிஸ் கேட்டதும் முகம் மாறிவிட்டது, என் மாணவியைப் பற்றி நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை, அவள் அதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து ஒரு வரி மட்டும் சொன்னார்: லேபில் தப்பான ரீடிங் வந்தால் இவள் அழிக்கமாட்டாள், அடிக்கோடு போட்டு வைப்பாள் என்று எழுதினாராம். இதை எந்தக் கன்சல்டன்சி டிராஃப்ட் பண்ணும்?

சரி, கல்லூரிப் பட்டியலுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குக் கோபம். முதல் நாளே, ஒளிவுமறைவில்லாமல், வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் பணம் கட்டினேன். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து அப்போது வருடத்துக்கு 90,000 டாலரைத் தொட்டது, நம் கணக்கில் 75 லட்சம். எட்டு எங்கே, எழுபத்தைந்து எங்கே. அப்படியென்றால் பட்டியலின் முதல் கேள்வியே எந்தக் கல்லூரி வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் என்பதுதானே? வந்த எட்டில் மூன்று கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள். அவை நல்ல இடங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை அங்கே கிடையாது. எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை, ஆக அந்த 1530க்கும் அங்கே வேலையில்லை. விண்ணப்பக் கட்டணம் மட்டும் வெளிநாட்டவருக்கு வளாகத்துக்கு 95 டாலர். 'சேஃப்' என்று போட்டிருந்த இரண்டு கல்லூரிகளின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. உங்களுக்கு அங்கிருந்து கமிஷன் வருமா என்று நேராகவே கேட்டேன். வெளிநாட்டு மாணவர்களைப் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்டுகளுக்குக் கல்லூரியே கமிஷன் தருவது அமெரிக்காவில் சட்டவிரோதம் இல்லை, பலரும் செய்வதுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். மேடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

அதைவிடப் பெரியது, உதவித்தொகையைப் பற்றிச் சொன்ன யோசனை. "எய்ட் கேட்டா சான்ஸ் குறையும் சார். இப்ப கேக்காதீங்க. ஃபர்ஸ்ட் இயர் எப்படியாவது லோன் போட்டுக் கட்டிடுங்க, உள்ள போனதும் கேட்டுக்கலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. பணம் கேட்கிறாயா என்பதையும் பார்த்து முடிவெடுக்கும் கல்லூரிகள் நிறைய உண்டு, அங்கே கேட்டால் வாய்ப்பு குறையலாம். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்ற சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அதைப் பார்க்காமலேயே தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்த பிறகு தேவைப்பட்டதைக் கொடுக்கிறார்கள். எங்கள் மகள் விண்ணப்பித்த அந்தச் சுற்றிலிருந்துதான் பிரவுனும் இதில் சேர்ந்தது. 'உள்ளே போனதும் கேட்டுக்கலாம்' என்பது இருக்கிறதே, அதுதான் குழி. விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் அடுத்த நாலு வருடத்திலும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அவங்கம்மா அப்போது சொன்னது இது: "கடையில ஒருத்தன் இப்படிக் காயில் கட்டிக் குடுத்தா நீங்க சும்மா விடுவீங்களா?"

அதற்குப் பிறகு பட்டியலை நாங்களே போட்டோம். முறை எதுவும் ரகசியமில்லை. பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்று ஒரு அட்டவணை. மார்க், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல், ஆர்வம் காட்டியது என்று ஒவ்வொன்றும் அந்தக் கல்லூரிக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர்களே டிக் அடித்திருப்பார்கள். கன்சல்டன்சியில் 'ஆர்வம் காட்டணும்' என்று நடுராத்திரி வெபினார் பதினாலில் உட்கார வைத்தார்களே, அதில் நாலு கல்லூரி ஆர்வத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று டிக் அடித்து வைத்திருந்தது. அதே ஆவணத்தில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி, சராசரி எவ்வளவு என்பதும் இருக்கும். இரண்டையும் பார்த்துப் பத்துக் கல்லூரி எடுத்தோம், அவர்கள் எட்டில் மூன்றுதான் மிஞ்சியது.

உதவித்தொகைக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று ஒரு படிவம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. கடை வருமானம், இருப்பு, வீட்டு மதிப்பு, அம்மா சேர்த்து வைத்திருக்கும் சேமிப்பு என்று மாமியார்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கும். கன்சல்டன்சியில் இது 'பேக்கேஜில் இல்லை'. எங்கள் ஆடிட்டர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

கேரண்டி என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். 2019ல் அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்பவரின் மோசடி வெளியே வந்தது. அவரும் அட்மிஷன் ஆலோசகர்தான். பணக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பதிலாக ஆள் வைத்துத் தேர்வெழுத வைத்து, விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி, பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து இடம் வாங்கியவர். அதைப் 'பக்கவாசல்' என்றுதான் விற்றார். மூன்றரை வருடச் சிறை. எங்கள் ஆட்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் சேர்ந்த அன்று மேடம் சொன்ன "எங்க கான்டாக்ட்ஸ் இருக்கு சார்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

முடிவுகள்: டிசம்பர் நடுவில் எர்லி போட்ட இடத்தில் இல்லை என்றார்கள். வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சமையல் இல்லை. மார்ச்சில் வரிசையாக ஆறு இல்லை, ஒரு காத்திருப்புப் பட்டியல், இரண்டு ஆமாம். அதில் ஒன்று மினசோட்டா பக்கம் ஒரு சின்னக் கல்லூரி, எங்கள் பங்கு வருடத்துக்கு ஏழு லட்சத்துக்குள் வருகிற மாதிரி உதவி கொடுத்தது. இடம் கொடுத்த கடிதத்தின் அடியில் தேர்வுக் குழுவில் ஒருவர் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார், மோட்டார் நோட்டை எடுத்துக்கொண்டு வா என்று. இரண்டுமே கன்சல்டன்சியின் பட்டியலில் இல்லாத கல்லூரிகள்.

விசாவும் பேக்கேஜில் இல்லை. 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிதாக நேர்காணல் தேதி கொடுப்பதையே மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள், அந்த மூன்று வாரத்தில் கன்சல்டன்சி போனை எடுக்கவில்லை. மூன்றாவது தவணைக்கு மட்டும் நினைவூட்டல் தவறாமல் வந்தது.

ஐந்துக்கு ஒன்றரை போடுகிறேன். ஒன்று அந்த எக்செல் ஷீட் போட்ட பெண்ணுக்கு, அரை பிரின்சிபாலுக்குச் செய்த போனுக்கு. உங்கள் பிள்ளை தானாக எழுதுகிற ஆளாக இருந்து, பள்ளியில் ஒரு வாத்தியாராவது நிஜமாக நிற்பார் என்றால் இந்தக் காசை எடுத்து வையுங்கள், விமான டிக்கெட்டுக்கே ஆகும். யாரும் இல்லை, தேதிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால், பேக்கேஜ் வேண்டாம், மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர்களைத் தேடுங்கள், கட்டுரையை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மே மாதம் அவர்கள் இன்ஸ்டாகிராமில் என் மகளின் படம். கல்லூரி முத்திரை, பூமழை, கீழே 'எங்கள் மாணவி'. எங்களைக் கேட்கவில்லை. போன் செய்தேன். "மார்க்கெட்டிங் டீம் சார், ஒரு மிஸ்கம்யூனிகேஷன்" என்றார்கள், இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். அலுவலகத்துக்குள் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக பிரேம் போட்டு மாட்டியிருக்கிறதாம். பக்கத்து லேத் கடைக்காரர் அவர் பையனுக்காக விசாரிக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவரிடம் அதே படத்தைக் காட்டித்தான் பிளாட்டினம் பேக்கேஜ் பேசினார்களாம்.